வாட்ஸ்அப்பில் திறந்த கடை மூடிக் கிடக்கலாமா?

 

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் குடும்பங்களில் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். தையல், ஆரி வேலை, புர்கா விற்பனை, பிரியாணி ஆர்டர், மசாலாப் பொடி என்று ஆளுக்கொரு தொழில். அவர்களில் பலர் முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு பக்கம் திறந்திருக்கிறார்கள். முதல் வாரம் பத்துப் படம் போடுவார்கள். அடுத்த வாரம் இரண்டு. பிறகு பக்கம் அப்படியே கிடக்கும்.

ரமளானில் போட்ட படம்தான் கடைசி என்றால், ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துணி தைக்க ஆள் தேடுகிறவர் என்ன நினைப்பார்? "இவங்க இப்ப தைக்கிறதில்ல போல" என்று வேறு இடத்துக்குப் போய்விடுவார். கடைவீதியில் நான்கு நாள் ஷட்டர் இறங்கியிருந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவதைப் போலத்தான் இதுவும். கடன் வாங்கித் தையல் மெஷின் போட்ட குடும்பத்துக்கு இப்படித் தவறிப்போகும் ஒவ்வோர் ஆர்டரும் மாதத் தவணையில் ஒரு பங்கு. ஆகவே பக்கத்தை உயிரோடு வைத்திருக்கும் வழியை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம்.

கொஞ்சமானாலும் தொடர்ந்து

குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அது வணக்கத்தைப் பற்றிய போதனை. ஆனாலும் தொழிலுக்கும் அந்தப் பாடம் பொருந்தும். ஒரே நாளில் பத்துப் படம் போடுவதைவிட வாரம் மூன்று படம், வருடம் முழுவதும் போடுவது மேல்.

புதுக்கோட்டை மாவட்டக் கிராமம் ஒன்றில் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' நமக்குத் தெரிந்ததுதான். வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைப்பார்கள். ஆடம்பர அரங்கம் எதுவும் கிடையாது. அதே ஆட்கள், அதே பாணி, விடாமல் செய்தார்கள். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். நமக்கு ஒரு கோடி பேர் வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் இருநூறு பேர் நம்மை மறக்காமல் இருந்தாலே போதும்.

எதைப் போடுவது?

"தினமும் போட என்ன இருக்கு?" என்று கேட்கிறோம். நம் கையில் நடக்கும் வேலையே போதும். வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

திங்கள்: வேலை நடக்கும் காட்சி. துணி வெட்டுவது, மசாலா வறுப்பது, பால் சுண்டுவது. அரை நிமிட வீடியோ போதும்.

புதன்: பயனுள்ள ஒரு தகவல். நைட்டித் துணி சாயம் போகாமல் துவைப்பது எப்படி, பொடி வண்டு விழாமல் எத்தனை நாள் இருக்கும் என்பவை போல.

வெள்ளி: முடிந்த பொருள், விலையோடு. அனுமதி கேட்டுக்கொண்டு வாடிக்கையாளரின் கருத்தையும் சேர்க்கலாம்.

நம் ஊரின் பெயரே நமக்கு மூலதனம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தளவாய்புரம் என்றால் நைட்டி, சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணி என்று வெளியூர் வியாபாரிகளுக்குத் தெரியும். எங்கே, எப்படித் தயாராகிறது என்று காட்டுங்கள். பால்கோவா விற்பவர் செய்த தேதியையும் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் எழுதினால் சென்னையில் இருப்பவரும் தயங்காமல் கேட்பார். வீட்டில் சமைத்து விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அவசியம். அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவருக்குப் பதில்

பக்கத்தின் உயிர், படத்தைவிடப் பதிலில்தான் இருக்கிறது. விலை கேட்டவரை ஒரு நாள் காக்க வைத்தால் அவர் திரும்ப வரமாட்டார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களை விலையோடு அடுக்கிவைக்கும் கேட்டலாக், நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான தயார் பதில் எல்லாம் இலவசமாகவே உண்டு. தொழுகை நேரம், சமையல் நேரம் போக "மாலை 5 முதல் 7 வரை பதில் தருவோம்" என்று எழுதிவைத்தால் வீட்டு வேலையும் கெடாது. பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்ல மறக்காதீர்கள்.

படத்தில் உள்ளதே பொட்டலத்தில்

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இணையத்தில் எடுத்த அழகான படத்தைப் போட்டுவிட்டு வேறு துணியை அனுப்புவதும் அந்த ஈரத்தை மறைப்பதுதான். நம் பொருளை நாமே, காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து எடுப்போம். நிறம் சற்று மாறித் தெரிந்தால் அதையும் எழுதுவோம்.

நோட்டும் பாதுகாப்பும்

2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் பார்வையாளர்களை மொத்தமாக இழந்தார்கள். ஆகவே வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பெண்கள் தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. முகம் காட்டாமல் கையையும் வேலையையும் மட்டும் காட்டியே பக்கம் நடத்தலாம். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புறேன், பின் போடுங்க" என்றால் அது மோசடி. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் கணக்கில் வரவு பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் பக்கத்தைத் திறந்து கடைசியாகப் போட்ட தேதியைப் பாருங்கள். விலை, ஊர், தொடர்பு நேரம் மூன்றும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அடுத்த மூன்று பதிவுகளைத் தாளில் எழுதுங்கள். எழுதுவதில் தயக்கம் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை உதவிக்கு அழையுங்கள். அவர்களும் நேர்மையான வியாபாரத்தை உங்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள்.

நம் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.