பிள்ளையின் வீட்டுப்பாடமும் நம்ம வட்டிக் கணக்கும்



குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "புள்ள கணக்குல சந்தேகம் கேட்டா எனக்கு என்னங்க தெரியும்? டியூசனுக்குத்தான் அனுப்பணும்." இதே சகோதரிதான் குழுவில் யாருக்கு எவ்வளவு பாக்கி, இந்த மாச வட்டி எவ்வளவு என்று பேரேட்டைத் திறக்காமலே சொல்கிறார்! ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தனிவட்டி என்று ஒரு பாடம் இருக்கிறது. அது நமக்குத் தெரிந்த கணக்குதான், பேர்தான் வேற.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

"மாலா 5,000 ரூபாயை ஆண்டுக்கு 12% வட்டியில் 9 மாதங்களுக்குக் கடனாக வாங்கினாள். தனிவட்டி எவ்வளவு?"

எடுத்தவுடனே பேனாவைத் தொட விடாதீங்க. கணக்கை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. அவசரமாகப் படித்தால் பெருக்கல் சரியாக இருந்தும் விடை தப்பாகிவிடும். படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்க. வாங்கினது எவ்வளவு? வட்டி எவ்வளவு? எத்தனை காலத்துக்கு? பதிலை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதட்டும். அசல் 5,000. வட்டி வீதம் ஆண்டுக்கு 12. காலம் 9 மாதம்.

அடுத்து சூத்திரம். அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகள் வழுக்குகிற இடம் இதுதான். 5,000 × 9 × 12 ÷ 100 = 5,400 என்று எழுதிவிட்டு விளையாட ஓடிவிடும்.

இப்போ அம்மாவின் வேலை. ஐயாயிரம் வாங்கினால் ஒன்பது மாசத்தில் ஐயாயிரத்து நானூறு வட்டியா? கந்து வட்டி மாதிரியில்ல இருக்கு! ஆனால் "தப்பு, போ" என்று சொல்லிவிட வேண்டாம். "12 ரூபாய் வட்டி எவ்வளவு நாளைக்கு?" என்று கேளுங்க. வருஷத்துக்கு. அப்போ காலமும் வருஷக் கணக்கில்தானே இருக்கணும்? 9 மாதம் என்பது முக்கால் வருஷம். 5,000 × 12 ÷ 100 = 600, இது ஒரு வருஷ வட்டி. அதில் முக்கால் பங்கு 450. ஆக, மாலா திருப்பிக் கட்ட வேண்டியது 5,450 ரூபாய்.

சரிபார்க்க நம்ம வழி இருக்கிறது. ஆண்டுக்கு 12% என்றால் நம்ம பேச்சில் ஒரு பைசா வட்டி, நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய். ஐயாயிரத்துக்கு மாசம் 50, ஒன்பது மாசத்துக்கு 450. ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிடாதீங்க. பிள்ளை போட்டு முடிக்கட்டும், அப்புறம் காட்டுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இதைச் செய்யலாம், வாசிப்பது பிள்ளையின் வேலை. பெண் பிள்ளை என்றால் கட்டாயம் உட்காருங்க. "கணக்கு வரல, படிப்பை நிறுத்திடலாம்" என்ற பேச்சு வீட்டில் முதலில் அவளைப் பற்றித்தானே வருகிறது!

இந்தப் பாடத்தால் நமக்கும் லாபம் உண்டு. புத்தகத்து மாலா ஒன்பது மாசமும் அசலைத் தொடவே இல்லை, கடைசியில்தான் மொத்தமாகக் கட்டுகிறாள். நாம் மாசாமாசம் அசலும் சேர்த்துக் கட்டுகிறோம். 10,000 ரூபாய் கடன், 10 தவணை, தவணைக்கு அசல் 1,000, ஒரு பைசா வட்டி என்று வைப்போம். கட்டின அசல் போக மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாசம் 100, அடுத்து 90, அப்புறம் 80 என்று குறைந்து கடைசி மாசம் 10. கூட்டினால் 550 ரூபாய். கடைசி வரைக்கும் பத்தாயிரத்துக்கே போட்டால் 1,000 ரூபாய்! வாய்ப்பேச்சில் இரண்டுக்கும் பேர் ஒரு பைசா வட்டிதான்.

அதனால் வாசல் தேடி வந்து கடன் தருகிறவங்ககிட்ட "வட்டி எவ்வளவு" என்பதோடு நிறுத்தாமல், "மீதி அசலுக்குத்தானே வட்டி?" என்றும் கேளுங்க. நிறுவனங்கள் தரும் நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி கொண்டுவந்தது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு வீதத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். கேட்டு வாங்குங்க. பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.

இந்த மாசப் பயிற்சி: 8,000 ரூபாய், இரண்டு பைசா வட்டி, 5 மாதம், அசல் கடைசியில். பிள்ளை புத்தக வழியில் போடட்டும், நீங்க உங்க வழியில் போடுங்க. இரண்டு பேருக்கும் 800 வர வேண்டும்.