உங்கள் காணி எந்தக் குளத்துக்குக் கீழே?

ஆவணி வெயிலில் பார்த்தால் கிளிநொச்சியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். காணி வாங்க வருபவரைத் தரகரும் அப்போதுதான் கூட்டிக்கொண்டு போவார். முடிந்தால் கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள்: "பதினெட்டாம் ஆண்டு தண்ணி எதுமட்டும் வந்தது ஆச்சி?" முரசுமோட்டையில் ஒரு வீட்டில் கதவு நிலையில் ஆணியால் கீறிய கோட்டைக் காட்டினார்கள். என் முழங்காலுக்கு மேலே இருந்தது.

அடுத்து, காணிக்கு மேலே எந்தக் குளம், அது வான் பாய்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அறியுங்கள். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பிச் சுண்டிக்குளம் நோக்கிப் போகிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் 14 வான்கதவுகளும் திறக்கப்பட்டபோது பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் பக்கமெல்லாம் வெள்ளம். உங்கள் முற்றத்தில் ஒரு துளி விழாவிட்டாலும் மேலே பெய்த மழை வந்து சேரும்.

பிறகு கடதாசி. குளத்து அலைகரை, ஆற்றங்கரை, வாய்க்கால் ஒதுக்கீடு இவற்றுக்குள் காணி விழுகிறதா என்பதை உறுதியை மட்டும் வாசித்து அறிய முடியாது. நில அளவை வரைபடத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும், ஊர்க்குளமென்றால் கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள். வயற்காணியை அனுமதியில்லாமல் நிரப்பக் கூடாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதைத் தடுக்கிறது. பத்து லோட் கிரவல் கொட்டி மேடாக்கியவரின் தண்ணீர் அடுத்த வளவுக்குள்தானே போகும்? பிரதேச சபையின் கட்டிட அனுமதி கையில் வந்த பிறகே அத்திவாரம் வெட்டுங்கள்.

கட்டும்போது அந்த ஆணிக்கோட்டை மறக்க வேண்டாம். வீட்டுத் தரை அதற்கு மேலே இரண்டடியாவது இருக்கட்டும். மின் பிளக்குகளை இடுப்புயரத்துக்கு ஏற்றுங்கள், கிணற்றுக்கட்டை உயர்த்துங்கள், மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மதிலின் அடியில் தண்ணீர் போக வழி விடுங்கள். அடைத்துக் கட்டிய மதில் வெள்ளத்தில் முதலில் சரியும். ஒழுங்கை மதகைப் புரட்டாதியிலேயே துப்புரவாக்குங்கள். சபை வருமென்று காத்திருந்தால் மழை முந்திவிடும்.

ஐப்பசி பிறந்ததும் உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். கிராம அலுவலரின் இலக்கமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும் தொலைபேசியில் இருக்கட்டும். வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்றால் மெயின் சுவிட்சை நிறுத்தி, மாட்டை அவிழ்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்குப் போங்கள்.

வெள்ளம் வடிந்து திரும்பினால் அலுமாரிக்குள் கைவிடுமுன் தடியால் தட்டுங்கள், பாம்பு இருக்கும். கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சுவரைக் கழுவுமுன் கதவு நிலையில் புதுக் கோடொன்றைக் கீறி, பக்கத்தில் ஆண்டையும் எழுதிவிடுங்கள்.