கணக்குப்பிள்ளையின் கோப்பு

ஏற்காட்டில் பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கு,

தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உன் அண்ணனின் பழைய மடிக்கணினியில் இருந்தால் திறந்து பார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு அனுமதி எண் உண்டு.

சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டம். கணக்குப்பிள்ளை கூலிப் பட்டியலை 640 என்ற அனுமதியில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்றவர்களுக்கு. அவர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும். மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும்.

ஒரு பெயரைத் திருத்திச் சேமிக்கிறார். சில நிரல்கள் பழைய கோப்பிலேயே எழுதும். அனுமதி மாறாது, ஆனால் நடுவில் கணினி நின்றுபோனால் பாதிப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் பல நிரல்கள் தற்காலிகமாகப் புதுக் கோப்பு எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடும். பெயர் மாற்றம் ஒரே எட்டில் முடியும்.

சிக்கல் இங்கேதான். வந்திருப்பது வேறு கோப்பு. புதுக் கோப்புக்கு எந்த அனுமதிகள் கூடாது என்று சொல்லும் யூமாஸ்க் 022 என்றால் அது வழக்கமாக 644 ஆகப் பிறக்கும். கூலிப் பட்டியலை எல்லோரும் படிக்கலாம். அடைவில் எழுத உரிமையுள்ள வேறொருவர் சேமித்தால் உரிமையாளரே மாறிவிடுவார்.

ஒழுங்கான நிரல் புதுக் கோப்பை 600இல் தொடங்கும். உரிமையாளரையும் குழுவையும் முதலில் பொருத்தும், பிறகு அனுமதியை, கடைசியாகப் பெயரை. வரிசைக்குக் காரணம் உண்டு. கடவுச்சொல் மாற்றும் கட்டளையின் எண் வழக்கமாக 4755. முன்னால் நிற்கும் 4, யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தோடு ஓடச் சொல்கிறது. அப்படிப்பட்ட நிரல் கோப்பின் உரிமையாளரை மாற்றினால் லினக்ஸ் கெர்னல் அந்த 4ஐ அழித்துவிடும்; அனுமதியை முதலில் பொருத்தியிருந்தால் அது வீணாகும். சாதாரணப் பயனர் அதற்குள் எழுதினாலும் அப்படியே. உள்ளே இருப்பது மாறியபின் பழைய நம்பிக்கை செல்லாது அல்லவா?

நீயே சோதிக்கலாம். எல்எஸ் கட்டளைக்கு ஐ, எல் என்ற இரண்டு தேர்வுகளையும் கொடு. கோப்பின் அடையாளமான ஐநோடு எண்ணும் அனுமதியும் தெரியும். திருத்திச் சேமித்துவிட்டு மறுபடி பார். ஐநோடு எண் மாறியிருந்தால் கோப்பே மாறியிருக்கிறது. அப்போது அனுமதியைச் சரிபார்.

இன்னொன்று. சேலத்துக்குப் பென் டிரைவில் கோப்பை எடுத்துப் போகும்போது, அது ஃபேட்32 என்றால் உரிமையாளரையும் இந்த எண்களையும் அது எழுதிவைக்காது. டார் கட்டளையால் பொதிந்து எடுத்துப் போ; பொதிக்குள் அவையும் சேர்ந்து போகும்.