ஊட்டி பூங்கா: எந்த மாதம் போகலாம்?

கேள்வி: ஊட்டி தாவரவியல் பூங்காவை மே மாதக் கூட்டத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். வேறு எந்தப் பருவத்தில் போனால் நன்றாக இருக்கும்?

பதில்: மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் பூக்கள் தெரியும், பூங்கா தெரியாது! 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய இடம் இது. தொட்டபெட்டா சரிவில் ஏறக்குறைய 55 ஏக்கர். பெரும்பாலோர் கீழ்ப் புல்வெளியோடு திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறுங்கள். பழைய மரங்களும், உச்சியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தும் அங்கே உண்டு.

என் தேர்வு செப்டம்பர் கடைசி. இரண்டாம் சுற்றுலா சீசனுக்காக நட்ட செடிகள் அப்போது பூத்திருக்கும். நெரிசலும் மே மாத அளவுக்கு இராது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. குடையும் வழுக்காத செருப்பும் இருந்தால் போகலாம். பாசி படர்ந்த அடிமரங்களை அந்த ஈரத்தில்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் பூக்களை எதிர்பார்க்காதீர்கள். விடியலில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். தோட்டக்காரர்கள் நாற்றுகளை மிலார் என்னும் செடிகளால் மூடிக் காப்பாற்றுவார்கள். வெயில் ஏறுமுன் புல்லில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். மே மாதத்து அழகு முழுக்க அந்தக் கைகளின் உழைப்பு என்பதால், குளிர்காலத்தில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள் என்பேன்.

சொந்த வண்டியில் வருவதானால், புறப்படுமுன் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.