சாணமும் சினையும்: ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு

கால்நடை மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, ஒருவர் சாண எரிவாயு, இன்னொருவர் கறவை மாட்டின் சினைப்பிடிப்பு என்று தலைப்பு வாங்கிக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு துறை என்றுதான் பாடத்திட்டம் சொல்லும். கட்டுத்தறிக்குப் போனால் இரண்டும் ஒரே தீவனத் தொட்டியில் தொடங்குவது தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. விடிவதற்குள் கட்டுத்தறியில் இருங்கள். மாடு பருவத்துக்கு வந்ததை முதலில் பார்ப்பது பால் கறக்கிற அம்மாதான், வீட்டுக்காரர் அல்ல. கேள்வித்தாளை நீட்டினால் வீட்டுக்காரர் பதில் சொல்வார், அந்த அம்மா பின்னால் நின்று சிரிப்பார். அவரைக் கேளுங்கள். 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்ற விதி எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ‘காலையில் கத்தியது’ என்பது காலையில் தொடங்கியதா, ராத்திரியே தொடங்கிக் காலையில் கண்ணில் பட்டதா? குறிப்பேட்டில் ‘பார்த்த நேரம்’ என்றே எழுதுங்கள். ‘தொடங்கிய நேரம்’ என்று எழுதினால் பின்னால் போடும் கணக்கெல்லாம் அந்தப் பொய்யின்மேல்தான் நிற்கும்.

2. பருவத்துக்கு வந்த மாட்டின் வழும்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக, அறாமல் நூலாக நீண்டு தொங்கினால் நல்லது. வெள்ளைத் துணுக்கு மிதந்தாலோ கலங்கியிருந்தாலோ கருப்பையில் சீழ் இருக்கிறது. அன்று ஊசி போட்டுப் பயனில்லை. ஐயமாக இருந்தால் சோதனைக்குழாயில் அதே அளவு 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிக் கொதிக்க வையுங்கள். மஞ்சள் ஏற ஏற நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். பெரிய கருவி வாங்க நிதி வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இன்னொன்று: வாலில் ரத்தக்கறை பார்த்ததும் ‘மாடு பருவத்துக்கு வந்துவிட்டது’ என்று சிலர் ஓடிவருவார்கள். அது பருவம் முடிந்து இரண்டு மூன்று நாளில் வருவது. தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

3. வகுக்கும் எண்ணில்தான் ஏமாற்று நடக்கிறது. 100 மாட்டுக்கு ஊசி போட்டு 45 சினையானால் 45 விழுக்காடு. அந்த நூறில் 20 மாடு விற்றுப்போனது, சினை பார்க்க முடியவில்லை என்று கழித்துவிட்டு 80-ஆல் வகுத்தால் 56 விழுக்காடு. கட்டுரை அழகாகிவிடும். ஆனால் சந்தைக்கு முதலில் போவது எந்த மாடு? சினை பிடிக்காத மாடுதான். கழித்ததை ஏன் கழித்தீர்கள் என்று ஒவ்வொரு மாட்டுக்கும் எழுதுங்கள். மறுபடி கத்தவில்லை என்பதைச் சினைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 60 நாள் கழித்துக் கைவிட்டுப் பார்த்த பிறகே சேருங்கள். சினையிலிருக்கும் மாடுகளிலும் சில கத்தும். அதற்கும் ஊசி போட்டுக் கருவைக் கலைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

4. புண்ணாக்கை நிறுத்துப் பாருங்கள். பால் கூடும் என்று எரிசக்திக்கு மிஞ்சிய புரதம் கொடுக்கிற வீட்டில், மிச்ச நைட்ரஜன் யூரியாவாகி ரத்தத்திலும் பாலிலும் ஏறும். அது கூடினால் சினைப்பிடிப்பு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே நைட்ரஜன் மூத்திரத்தோடு சாண எரிவாயுக் கலனுக்குள் போனால் அம்மோனியாவாகி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரை முடக்கும். வயிற்றில் கன்று தங்காததற்கும் அடுப்பில் நீலச்சுடர் குன்றியதற்கும் ஒரே புண்ணாக்கு மூட்டை காரணமாக இருக்கலாம். உங்களில் ஒருவர் பாலை எடுங்கள், ஒருவர் சாணக்கரைசலை எடுங்கள், ஒரே வீட்டில் ஒரே நாளில். தலைப்பு இரண்டாக இருந்தாலும் ஆய்வு ஒன்றாகச் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

5. மருந்துச் சீட்டையும் கேளுங்கள். கருப்பை அழற்சிக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் போட்ட மாட்டின் சாணத்தில் அந்த மருந்தும் வரும். கலனில் வாயு குறையும். தொழுவத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீர் உள்ளே போனாலும் அதே கதி.

6. வாயுவை அளக்கும்போது வெப்பநிலையை மறக்காதீர்கள். காலை 23 டிகிரியில் 100 லிட்டராக இருந்தது, மதியம் 38 டிகிரியில் 105 லிட்டராகக் காட்டும். ஒரு துளி கூடுதலாக உற்பத்தியாகியிருக்காது. புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. 105 டிகிரியில் உலர்த்தி, 550 டிகிரியில் எரித்து, எரிந்துபோன பங்குக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லுங்கள். விதையாக ஊற்றிய பழைய கரைசல் தானாகத் தரும் வாயுவைத் தனியே அளந்து கழியுங்கள்.

7. கட்டிய கலனை எண்ணாதீர்கள், எரிகிற அடுப்பை எண்ணுங்கள். காதி கமிஷன் கலனின் மிதக்கும் இரும்புக்கூடு துருப்பிடித்தது. 1984-இல் தீனபந்து வகைக் கலன் வந்து செங்கல் கூரை போட்டது. 2016-க்குப் பிறகு உஜ்வாலா திட்டத்தில் சிலிண்டரும் ஊரெங்கும் வந்துவிட்டது. 2 கனமீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம் வேண்டும். கட்டியே வளர்க்கும் கலப்பின மாடு நான்கைந்து இருந்தால் போதும் என்று ஏட்டுக் கணக்கு சொல்லும். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மேயும் மாடு சாணத்தில் பெரும்பங்கை அங்கேயே போட்டுவிட்டு வரும். அதைத் தட்டுப்பாடு என்று எழுதாதீர்கள். காட்டுக்கு அது எரு.

8. கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடாதீர்கள். சினை முற்றிய மாதங்களில் கன்று வீசினால் முதல் சந்தேகம் புருசெல்லா. மனிதருக்கும் தொற்றும், விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். வீசிய கன்றையும் நஞ்சையும் கலனில் போட்டால் கிருமி செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர்க் கலனின் சூடு அதற்குப் போதும் என்று உறுதி சொல்ல முடியாது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள். காலியான கலனுக்குள் மாதிரி எடுக்க இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அடர்ந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ஒருவர் விழ, தூக்கப்போனவரும் விழுந்து, ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போன செய்தி அடிக்கடி வருகிறது.

9. முடிவை அந்த வீட்டுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். சினை இல்லை என்று கைக்குத் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள், வழிகாட்டியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு பருவம் தவறினால் அவர்களுக்கு இன்னும் 21 நாள் தீவனச் செலவு. உங்கள் ஆய்வேடு தட்டச்சாகி வருவதற்குள் எத்தனை பருவம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.