வளைந்து கொடுக்கும் தூண்டிற்கோல்

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் தாப்பா. கேமரன் மலைக்குச் செல்லும் பழைய மலைப்பாதை இவ்வூரிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. தோட்டத்துச் சிறுவர்களுக்கு மீன்பிடித்தல் செலவில்லாத பொழுதுபோக்காக விளங்கியது. ஒரு மூங்கில் கழி, நுனியில் கட்டிய நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், சிரட்டையில் சில மண்புழுக்கள் ஆகியவையே அவர்களுடைய கருவிகள். பள்ளி விட்டதும் ஓடைக்கரையில் அமர்ந்தால், மாலைக்குள் விராலோ கெளுத்தியோ வீட்டுக் குழம்புக்குக் கிடைத்துவிடும்.

காலம் மாறியது. பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வளர்ந்தது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. அதனைத் தொடர்ந்து பேராக்கின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் மாபெரும் ஈயக் கப்பல் அக்காலத்தின் நினைவுச் சின்னமாகும். 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது, 1982ஆம் ஆண்டுவரை மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரித்தெடுத்தது. இவ்வாறு தோண்டப்பட்ட பள்ளங்களில் நீர் நிரம்பிக் குளங்கள் உருவாயின. அவற்றுள் பலவற்றில் இன்று மீன்கள் பெருகியுள்ளன.

அத்தகைய குளங்களில் மீன்பிடிப்போரை ஈர்க்கும் மீன்களுள் ஒன்று பீக்காக் பாஸ். அதன் வாலடியில் பொன்னிற வளையம் சூழ்ந்த கரும்புள்ளி ஒன்று உண்டு. அது மயில் தோகையின் கண்ணைப் போல் தோன்றுவதால் மீனுக்கு இப்பெயர் வந்தது. பெயரில் ‘பாஸ்’ என்று இருந்தாலும், அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் மீனுக்கு இது நெருங்கிய உறவன்று. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது, திலாப்பியா மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறு மீன்களைத் துரத்திச் சென்று விழுங்குவது இதன் இயல்பு. ஆகவே, மண்புழுவைவிட, ஓடும் மீனைப்போல் அசையும் செயற்கை இரையையே இது விரைந்து தாக்கும்.

செயற்கை இரைகளுள் ‘கிரேங்க்பேட்’ என்பது ஒரு வகை. மலாய்மொழியில் ‘கெவாங்’ என்று பொதுவாக அழைக்கப்படும் இரைகளுள் இதுவும் அடங்கும். மரத்தாலோ நெகிழியாலோ செய்யப்பட்ட இந்தக் குண்டு மீனின் வாய்ப்பகுதியில் சிறு தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பைச் சுற்றி இழுக்கும்போது நீர் அத்தகட்டில் மோதுகிறது. அதனால் இரை தலைகுனிந்து மூழ்கி, இடமும் வலமும் துடித்தபடி முன்னேறுகிறது. தகடு சிறியதாகவும் செங்குத்தாகவும் இருந்தால் இரை அதிகம் மூழ்காது. நீண்டு முன்நோக்கி இருந்தால் ஆழத்திற்குச் செல்லும். இரையின் வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள் தொங்கும். இரையின் தகட்டையும் முட்களையும் நன்கு கவனித்தவரே அதற்கேற்ற கோலைத் தேர்ந்தெடுக்க முடியும்.

படிவம் நான்கில் பயிலும் தாப்பா மாணவன் ஒருவன் இதனை முதலில் அறிந்திருக்கவில்லை. தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் சேமித்து, 200 ரிங்கிட்டுடன் மீன்பிடிக் கருவிகள் விற்கும் கடைக்குச் சென்றான். தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அவனுடைய தாத்தாவும் உடன் வந்தார். சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த கோல்களில் மிகவும் விறைப்பானதை அவன் கையில் எடுத்தான்.

“தாத்தா, இதுதான் உறுதியானது. பெரிய மீன் கடித்தாலும் வளையாது,” என்றான்.

“வளையாத கழியை நாங்கள் வேலிக்குத்தான் வெட்டுவோம், தம்பி. தூண்டிலுக்கு வெட்டுவதில்லை,” என்றார் தாத்தா.

தாத்தாவின் சொல்லில் ஆழமான உண்மை அடங்கியிருந்தது. கிரேங்க்பேட்டின் மும்முனை முட்கள் சிறியவை, மெல்லியவை. அவை மீனின் வாயில் எளிதாகக் குத்தினாலும், ஆழமாகப் பதிவதில்லை. சில வேளைகளில் உதட்டோரத் தோலில் ஒரு முனை மட்டுமே மாட்டியிருக்கும். அந்நிலையில் மீன் திடீரெனத் திமிறிப் பாய்ந்தால், விறைப்பான கோல் அந்த இழுவிசையைத் தாங்கிக்கொள்ளாது. விசை முழுவதும் முள்ளின் நுனியில் விழும். தோல் கிழிந்து மீன் தப்பிவிடும். கிழிந்த வாயுடன் துன்பமும் அடையும். வளையும் கோலோ அந்த இழுவிசையைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவர் கைகளைச் சற்றுப் பின்னோக்கி இழுத்து அதன் வேகத்தைத் தணிப்பது போன்றதே இச்செயல்.

இன்னொரு காரணமும் உண்டு. மீன் இரையை விழுங்கப் பாயும்போது வாயை மூடுவதற்குச் சிறிது நேரம் தேவை. விறைப்பான கோலைப் பிடித்திருப்பவர் தட்டுப்பட்டவுடன் வெடுக்கென இழுத்தால், மீனின் வாயிலிருந்து இரை பிடுங்கப்பட்டுவிடும். வளையும் கோல் அந்தச் சிறு அவகாசத்தை மீனுக்குத் தருகிறது. அதற்குள் முள்ளும் தானாகவே பதிந்துவிடுகிறது.

கோலைத் தேர்ந்தெடுக்கும்போது வலிமையையும் வளைவையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். வலிமை என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதைக் குறிக்கும். வளைவு என்பது கோல் எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பதைக் குறிக்கும். நுனி மட்டும் வளைந்தால் அது வேக வளைவு. நுனியிலிருந்து ஏறத்தாழ நடுப்பகுதிவரை வளைந்தால் அது மித வளைவு. கைப்பிடிவரை வளைந்தால் அது மெது வளைவு. கிரேங்க்பேட்டை எறிவதற்கு நடுத்தர வலிமையும் மித வளைவும் கொண்ட கோல் பொருத்தமானது. அத்தகைய கோல் நடுப்பகுதிவரை வளைந்து மீனின் பாய்ச்சலைத் தணிக்கும். அதே வேளையில் மீனைக் கரைக்குக் கொண்டுவரும் திறனையும் இழக்காது.

கோல் எதனால் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். கண்ணாடியிழைக் கோல் மெதுவாக வளைந்து மெதுவாக நிமிரும். அடிபட்டாலும் எளிதில் உடையாது. ஆயினும், அது கனமானது. கரிம இழைக் கோல் இலேசானது. இரை கல்லில் உரசுவதையும் கையில் உணர்த்தும். ஆனால், கல்லில் மோதினால் விரிசல் விடக்கூடும். இவ்விரண்டையும் கலந்து செய்த கோல்களும் உள்ளன. கரிம இழைக் கோலை விரும்புவோர் அது மித வளைவு கொண்டதா என்பதை உறுதிசெய்த பின்னரே வாங்க வேண்டும்.

அடுத்து நீளத்தைக் கருத வேண்டும். கிரேங்க்பேட் நீரில் விழுந்தவுடன் முழு ஆழத்தையும் அடைவதில்லை; இழுக்க இழுக்கவே சிறிது சிறிதாக மூழ்குகிறது. எனவே, தொலைவாக எறிந்தால்தான் இரை மீன் உலவும் ஆழத்தில் நெடுநேரம் நீந்தும். அகன்ற குளங்களில் 7 அடி, அதாவது சுமார் 2.1 மீட்டர் நீளமுள்ள கோல் நன்கு உதவும். புதர்கள் அடர்ந்த ஒடுங்கிய கரையில் 6 அடிக் கோலே வசதியானது.

கைப்பிடிக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும் எண்களையும் படித்தறிய வேண்டும். எந்த எடையுள்ள இரைக்கு, எந்த வலிமையுள்ள நரம்புக்கு அக்கோல் ஏற்றது என்பதை அவை தெரிவிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 7 முதல் 18 கிராம் வரை என்று குறிக்கப்பட்ட கோலுக்கு 10 அல்லது 12 கிராம் எடையுள்ள இரை பொருத்தமானது. இரை மிக இலேசாக இருந்தால் கோல் வளையாது. இரையும் தொலைவாகப் பறக்காது. மிகக் கனமாக இருந்தால் எறியும்போதே கோல் முறியக்கூடும். இழையால் பின்னப்பட்ட நரம்பு பெரும்பாலும் நீள்வதில்லை. அதனைப் பயன்படுத்துவோருக்கு வளையும் கோல் இன்னும் இன்றியமையாததாகிறது.

கடையை விட்டு வெளியேறும் முன் சில சோதனைகளைச் செய்யலாம். முதலில் ரீலைப் பொருத்திக் கோலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முனை கீழ்நோக்கி இழுத்தால் மணிக்கட்டு விரைவில் சோர்ந்துவிடும். அடுத்து, நரம்பை வளையங்களின் வழியே செலுத்தி மெதுவாக இழுக்கச் சொல்லி, கோல் எங்கிருந்து வளைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நுனியைக் கூரையிலோ தரையிலோ அழுத்திச் சோதிப்பது தவறு. அதனால் நுனி உடையலாம். பின்னர், சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் தேய்க்க வேண்டும். பஞ்சு இழை சிக்கினால் அங்கே விரிசல் உள்ளது என்று பொருள். அவ்விரிசல் நாளடைவில் நரம்பை அறுத்துவிடும்.

தாத்தா கற்றுத் தந்த முறையில் அம்மாணவனும் கோல்களைச் சோதித்தான். முதலில் எடுத்த விறைப்பான கோலில் நுனி மட்டுமே அசைந்தது. மூலையில் கிடந்த விலை குறைந்த கண்ணாடியிழைக் கோலோ நடுப்பகுதிவரை அழகாக வளைந்து நிமிர்ந்தது. தாத்தா அதனைத் தடவிப் பார்த்தார்.

“நான் சிறுவனாக இருந்தபோது வெட்டிய மூங்கிலும் இப்படித்தான் வளையும்,” என்று புன்னகைத்தார்.

“அப்படியானால் விறைப்பான கோல் எதற்கும் உதவாதா, தாத்தா?”

“உதவும். தோமான் மீனின் தாடை கடினமானது. ரப்பர்த் தவளையைப் போட்டு அதைப் பிடிப்பவருக்குத் தடித்த முள்ளை அழுத்திப் பதிக்க வேண்டும். அவருக்கு அந்தக் கோல் தேவை. உனக்கு இந்தக் கோல் போதும்.”

அவன் அக்கோலையே வாங்கினான். மீதிப் பணத்தில் ஒரு ரீலும் இரண்டு கிரேங்க்பேட்டுகளும் முள்ளைக் கழற்ற ஒரு குறடும் வாங்க முடிந்தது.

நல்ல கோல் கையில் இருந்தால் மட்டும் போதாது, பாதுகாப்பும் தேவை. பழைய ஈயக் குளங்களின் கரைகள் செங்குத்தானவை. மணல் சரிந்தால் கால் வைத்த இடமே ஆழமான நீருக்குள் இறங்கிவிடும். ஆகவே, மாணவர்கள் தனியாகச் செல்லக்கூடாது. பெரியவர் ஒருவரின் துணையுடனும் மிதவை அங்கியுடனும் நில உரிமையாளரின் அனுமதியுடனும் செல்ல வேண்டும். கரிம இழை மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது. பேராக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யும். முதல் இடியோசை கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். மின்கம்பிகளுக்கு அடியில் கோலை உயர்த்துவதும் உயிருக்கு ஆபத்தாகும்.

மீன்பிடிப்பவருக்கு இயற்கையின்பால் ஒரு கடமையும் உண்டு. பீக்காக் பாஸ் நம் நாட்டு நீர்நிலைகளுக்கு உரிய மீன் அன்று. தாயும் தந்தையும் தம் குஞ்சுகளைக் காத்து வளர்ப்பதால் இவ்வினம் விரைவில் பெருகும். சிறு மீன்களைத் தின்று அழிக்கவும் வல்லது. ஒரு குளத்தில் பிடித்த இம்மீனை உயிருடன் எடுத்துச் சென்று வேறோர் ஆற்றில் விடுவது, கெலா, செபாராவ் போன்ற உள்நாட்டு மீன்களின் குஞ்சுகளைப் பலியிடுவதற்கு ஒப்பாகும். விளையாட்டாகச் செய்த ஒரு செயல் ஓர் ஆற்றின் வாழ்வையே மாற்றிவிடலாம்.

அடுத்த சனிக்கிழமை காலை, தாத்தாவும் பேரனும் அனுமதி பெற்று ஒரு குளக்கரைக்குச் சென்றனர். மூன்றாம் முறை எறிந்தபோது நரம்பு இறுகியது. பதற்றத்தில் கோலை வெடுக்கென இழுக்கப் பேரனின் கை துடித்தது.

“பதறாத காரியம் சிதறாது, தம்பி. கோலை வளைய விடு,” என்றார் தாத்தா.

அவன் கோலைப் பக்கவாட்டில் நிதானமாகச் சாய்த்தான். கோல் நடுவரை வளைந்தது. மீன் இருமுறை நீருக்கு மேல் துள்ளியது. ஒவ்வொரு முறையும் கோல் வளைந்து கொடுத்து மீண்டும் நிமிர்ந்தது. சிறிது நேரத்தில் பொன்னிற மீன் கரையோரம் வந்து சேர்ந்தது. அதன் உதட்டோரத்தில் ஒரே ஒரு முள்முனைதான் மாட்டியிருந்தது.

பேரன் குறடை எடுத்து முள்ளை மெதுவாகக் கழற்றினான். அவன் கண் முதலில் மீனைத் தேடவில்லை; கையிலிருந்த கோலையே நோக்கியது. அன்றைய மதியக் குழம்புக்கு மீன் கிடைத்துவிட்டதாகத் தாத்தா கைப்பேசியில் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.