கிரிஸ்டலைசர் ஷிஃப்டுக்குப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

திருப்பூர் சாயத்தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல புதுசாச் சேர்ந்திருக்கிற தம்பி, தங்கச்சிங்களா, உங்களுக்குத்தான். 2011 ஜனவரியில சாயத்தண்ணி வெளிய போகுதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. ஆர்.ஓ. தள்ளிவிடுற உப்புத்தண்ணி எவாப்பரேட்டர்ல கெட்டியாகி, கடைசியா கிரிஸ்டலைசருக்குத்தான் வரும். இது படுத்தா இதுக்கு முன்னாடி இருக்கிற டேங்க் எல்லாம் ரொம்பிடும்.

ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோ: ஹீட்டர் டியூபுக்குள்ள கொதிக்கக் கூடாது, மேல செபரேட்டர்லதான் கொதிக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பெரிய பம்ப் வெச்சு, நொடிக்கு ரெண்டு மீட்டர் வாக்குல தண்ணிய ஓட விடுறோம். டியூபுக்குள்ளயே கொதிச்சா உப்பு அங்கயே ஒட்டிக்கும்.

1. சர்குலேஷன் பம்ப்பை வால்வை மூடி வெச்சு ஸ்டார்ட் பண்ணாதே. சாதா பம்ப்ல அப்படிப் பழகின கையி, தெரியும். இங்க இருக்கிறது பெரும்பாலும் ஆக்சியல் ஃப்ளோ பம்ப். வால்வை மூட மூட இதுக்கு ஆம்ப்ஸ் ஏறும். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன்னு பாதி மூடுற புத்திசாலிங்களும் உண்டு. கரண்டும் போகும், டியூபும் அடைக்கும்.

2. செபரேட்டர் லெவலைக் கண்ணுல வெச்சிரு. இறங்கினா டியூப்ல கொதிக்கும், பம்ப்பும் கடகடன்னு கத்தும். ஏறினா உப்புத்தண்ணி ஆவியோட சேர்ந்து கண்டன்சேட்டுக்குப் போகும். கண்டன்சேட் கண்டக்டிவிட்டி திடீர்னு ஏறினா முதல்ல லெவலைப் பாரு, அப்புறம் டியூப் ஓட்டையைத் தேடலாம்.

3. எல்லா ரீடிங்கும் எழுத நேரமில்லையா? ஹீட்டருக்குள்ள போற சூடு, வெளிய வர்ற சூடு, ஸ்டீம் பிரஷர், இந்த மூணையாவது மணிக்கொருக்கா எழுது. ஸ்டீம் அதே அளவு போயும் சூட்டு வித்தியாசம் கூடிக்கிட்டே போனா ஓட்டம் குறையுதுன்னு அர்த்தம். அதே வேலைக்கு ஸ்டீம் பிரஷரை ஏத்திக்கிட்டே போக வேண்டியிருந்தா டியூப்ல படிவு. ஷிஃப்ட் முடியறப்போ உக்காந்து ஒரே நம்பரை எட்டு தடவை எழுதறதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே.

4. நிறுத்தும்போதுதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. சாயப்பட்டறைத் தண்ணியில சோடியம் சல்பேட் நிறைய. 32.4 டிகிரி வரைக்கும் சூடு ஏற ஏற இது நல்லாக் கரையும். அதைத் தாண்டினா கரையறது குறையும். சூடான டியூப் சுவத்துல இது ஒட்டுறதுக்குக் காரணம் இதுதான். 32 டிகிரிக்குக் கீழ ஆறினாலோ வேற கூத்து: ஒவ்வொரு மூலக்கூறும் பத்து மூலக்கூறு தண்ணிய இழுத்துக்கிட்டு கிளாபர் உப்பா மாறும். பைப்புல மிச்சம் இருக்கிற தண்ணியையும் அதுவே குடிச்சிட்டு, முழு பைப்பும் கல்லா இறுகிடும். மார்கழி ராத்திரி கரண்ட் போச்சுன்னா டீ குடிக்கப் போகாதே. ஸ்லரி பைப்பை உடனே காலி பண்ணு, சூடான கண்டன்சேட் விட்டு அலசு, பம்ப் அடி டிரெயினையும் மறக்காதே. அப்புறம் டீ.

5. அடைச்சிருச்சுன்னு உடனே ஆசிட் கேனைத் தூக்காதே. உப்புப் படிவுக்கு சுடுதண்ணியே போதும். கால்சியம் கார்பனேட்டுக்கு சல்ஃபாமிக் ஆசிட். கால்சியம் சல்பேட் ஆசிட்டுக்கு அசையாது, ஜெட் அடிச்சுத்தான் எடுக்கணும்; அதனால சாஃப்ட்னிங் பண்ற இடத்துலயே கால்சியத்தைப் பிடி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஸ்டெயின்லெஸ் டியூப்ல ஊத்தினா ஓட்டை ஓட்டையா அரிச்சிடும்.

6. நுரை. வேக்குவத்தைச் சட்டுனு இழுத்தா அடுப்புல பால் பொங்குற மாதிரி பொங்கும். மெதுவா இழு. ஆன்டிஃபோமை நுரை வந்தப்புறம் வாளியில ஊத்தாதே, முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா விடு. உப்பைப் பிரிச்சப்புறம் மிஞ்சுற பழைய தாய்க்கரைசலைத் திரும்பத் திரும்பச் சுத்த விட்டாலும் நுரைதான். சாயக் கழிவெல்லாம் அதுல சேர்ந்துக்கிட்டே இருக்கும், கொஞ்சத்தை அப்பப்போ வெளிய எடு.

7. மெக்கானிக்கல் சீலுக்குத் தண்ணி: பம்ப்புக்கு முன்னாடி திற, பம்ப் நின்னப்புறம் மூடு. அவ்வளவுதான்.

8. பாத்திரத்துக்குள்ள நீயா இறங்காதே. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் சரி. ஸ்டீம் லைனுக்கு பிளைண்டு போட்டு, பம்ப் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, உள்ள காத்தை அளந்து பெர்மிட் கையில வந்தப்புறம்தான் கால் வைக்கணும். வாசல்ல கயித்தோட ஒரு ஆள் நிக்கணும். உள்ள ஒருத்தன் மயங்கி விழுந்தா, காப்பாத்தறேன்னு அந்த ஆளும் குதிக்கக் கூடாது. அதையும் முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடு.